இ-லேப்பில் இரண்டு பள்ளிகளின் தரவைச் சேர்த்து ஷவர் தேடுவது: கேட் எவ்வளவு, முதலில் எதைச் சரிபார்ப்பது?

#1 · முகில்

குவார்க்நெட் (பள்ளிகளுக்கான துகள் இயற்பியல் திட்டம்) காஸ்மிக் கதிர் இ-லேப்பில், அதாவது பள்ளிகள் தரவை ஏற்றி ஆராயும் இணையதளத்தில், ஷவர் ஆய்வு ஓட்டுவது பற்றிய கேள்வி. ஷவர் என்பது ஒரே காஸ்மிக் கதிர் காற்றில் மோதிக் கொட்டும் துகள் மழை. இல்லினாயில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், நேர்கோட்டில் 3 கி.மீ. தூரம். இரண்டிலும் 6000 வரிசை டிஏக்யூ (தரவு சேகரிப்பு) பலகை, நான்கு சின்டிலேட்டர் கவுண்டர் (துகள் பட்டால் ஒளிரும் பலகை), ஜிபிஎஸ். கவுண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரட்டை உடனிகழ்வு டிரிகரில் (இரண்டு கவுண்டர் ஒரே நேரத்தில் அடிபட்டால் மட்டும் பதிவு) தரவு எடுத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் நொடிக்கு ஏறத்தாழ 10 டிரிகர்.

ஒரு நாள் தரவைச் சேர்த்து ஓட்டினால் (கேட் என்பது இரு பதிவையும் ஒரே நிகழ்வாக எடுக்கும் நேர அளவு):
கேட் 100 நானோநொடி: இரு பள்ளியும் சேர்ந்த நிகழ்வு ஒன்றோ இரண்டோ.
கேட் 1 மில்லிநொடி: 17,000க்கு மேல்.

இரண்டாவதைப் போஸ்டரில் போட மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். எது சரி? கேட் எவ்வளவு வைக்க வேண்டும்?

#2 · நானோநொடி

போஸ்டரை நிறுத்தி வையுங்கள். இரண்டுமே தற்செயல்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு துடிப்பு வரிசைகள் ஒரே கேட்டுக்குள் விழும் வீதம் = 2 × முதல் வீதம் × இரண்டாம் வீதம் × கேட். உங்கள் எண்களைப் போடுங்கள்: 2 × 10 × 10 × 0.001 = நொடிக்கு 0.2. நாளுக்கு 86,400 நொடி, ஆக 17,280. உங்களுக்கு வந்த எண் இதுதான். 100 நானோநொடிக்கு அதே கணக்கு நாளுக்கு 1.7 தரும். அதுவும் அப்படியே வந்திருக்கிறது. இயற்பியல் எதுவும் இல்லாமலே இரண்டு விடையும் கிடைக்கின்றன.

கேட் எவ்வளவு என்பதைத் தூரம் முடிவு செய்யும். ஒளி 1 கி.மீ. கடக்க 3.34 மைக்ரோநொடி. ஷவரின் முகப்பு ஏறக்குறைய ஒளி வேகத்தில் வரும் ஒரு தட்டு. தலைக்கு நேர் மேலிருந்து வந்தால் இரு பள்ளியையும் ஒரே நேரத்தில் தொடும். அடிவானத்தை ஒட்டி வந்தால் 3 கி.மீ.க்கு 10 மைக்ரோநொடி வித்தியாசம் இருக்கும். ஆகவே 10 மைக்ரோநொடிக்கு மேல் கேட் வைப்பதில் அர்த்தமில்லை. 100 நானோநொடி கேட்டில், ஏறக்குறைய நேர் மேலிருந்து வரும் ஷவரைத் தவிர மற்றதெல்லாம் தவறிப்போகும்.

ஆனால் கேட்டைத் திருத்துவதால் மட்டும் இது தீராது. அடுக்கி வைத்த கவுண்டரில் வரும் இரட்டை உடனிகழ்வு என்பது ஒரே மியூவான் (காஸ்மிக் கதிரால் காற்றில் உருவாகித் தரை வரை வரும் துகள்) இரண்டையும் துளைத்துப் போனது. அது ஷவருக்குச் சாட்சி இல்லை. கவுண்டர்களைப் பிரித்து வைக்க வேண்டும்.

#3 · கறுப்பு டேப்

மேலே சொன்னது சரி. கருவிப் பக்கம் செய்ய வேண்டியது, வரிசைப்படி:

முதலில் ஒளிக்கசிவு. சின்டிலேட்டர் 1 செ.மீ. தடிமன், ஏறத்தாழ 25 × 30 செ.மீ. பலகை. அதன் மேல் அலுமினியத் தாள், கறுப்புத் தாள், கறுப்பு டேப். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச் லைட்டை விளிம்பு ஓரமாக நகர்த்துங்கள். குறிப்பாக ஒளிப்பெருக்கிக் குழாய் ஒட்டியிருக்கும் மூலையில். தனி எண்ணிக்கை எகிறும் இடத்தில் ஓட்டை. பெரும்பாலும் டேப் மடிப்பில்தான் இருக்கும், பலகையின் நடுவில் இருக்காது.

பிறகு பிளாட்டோ, அதாவது எண்ணிக்கை தட்டையாகும் வோல்டேஜைத் தேடுவது. மூன்று கவுண்டரை அடுக்கி, மேலும் கீழும் உள்ளவற்றின் வோல்டேஜை மாற்றாமல் நடுவில் உள்ளதை மட்டும் 0.02 வோல்ட் படியாக ஏற்றுங்கள் (விநியோகப் பெட்டியில் மல்டிமீட்டர் காட்டும் கட்டுப்பாட்டு வோல்டேஜ்; குழாய்க்குப் போகும் உயர் வோல்டேஜ் அல்ல). ஒவ்வொரு படியிலும் 3 முதல் 5 நிமிடம். தனி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை ஓர் இடத்தில் தட்டையாகும். அந்த வளைவுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அதற்கு மேலும் ஏற்றினால் மியூவான் கூடாது, இரைச்சல்தான் கூடும். ஒரு குழாய்க்குச் சரியாக வந்த எண்ணை அடுத்ததற்கு அப்படியே போடாதீர்கள், ஒவ்வொன்றும் தனிப் பிறவி.

ஒரு ஒப்புநோக்கு: கடல்மட்டத்தில் கிடைமட்டமாக வைத்த சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மியூவான். 750 சதுர செ.மீ. என்றால் நொடிக்கு 12 அல்லது 13. வாசல் (இதைத் தாண்டும் துடிப்பு மட்டுமே எண்ணப்படும்) 300 மில்லிவோல்ட்டில் தனி எண்ணிக்கை நொடிக்கு 30, 40 வந்தால் கவலை வேண்டாம், காமாவும் இரைச்சலும் சேர்ந்தது. 5 வந்தால் வோல்டேஜ் குறைவு. 300 வந்தால் டார்ச்சை மறுபடி எடுங்கள்.

அதன் பிறகுதான் கவுண்டர்களை 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில் பரப்புவது.

#4 · முகில்

பரப்பி வைத்து மூன்று கவுண்டர் உடனிகழ்வு வைத்தால் இரு பள்ளிக்கும் என்ன எதிர்பார்க்கலாம்?

#5 · நானோநொடி

ஒவ்வொரு பள்ளியிலும் மணிக்கு 5 உள்ளூர் ஷவர் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோநொடி கேட்டில் இரு பள்ளி தற்செயல் வீதம் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 10ஐ நொடிக்கு 0.0014 ஆக்கினோம், வீதம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதன் வர்க்கமாகக் குறைகிறது. ஒன்றே ஒன்று அகப்பட்டால்கூடப் பேச வேண்டிய விஷயம்.

#6 · அடிவானம்

அகப்படாது என்பதையும் சொல்லிவிடுங்கள். 10¹⁵ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் வரும் ஷவர் தரையில் நூறு மீட்டர் அளவில்தான் அடர்த்தியாக இருக்கும். 3 கி.மீ. பரவ வேண்டுமானால் 10¹⁹ பக்கம் போக வேண்டும். அந்த அளவு ஷவரிலும் மையத்திலிருந்து 1.5 கி.மீ. தள்ளி ஒரு சதுர மீட்டருக்கு ஓரிரு துகள்தான். உங்கள் கவுண்டர் 0.075 சதுர மீட்டர். அதில் மூன்றும் அடிபட வேண்டும், அதுவும் இரு பள்ளியிலும். பெருக்கிப் பாருங்கள். 10²⁰ இல் வருவதோ சதுர கி.மீ.க்கு நூற்றாண்டுக்கு ஒன்று.

பியேர் ஓஷே 1938இல் விரிந்த காற்று ஷவரைக் காட்டியபோது அவருடைய கவுண்டர்கள் 300 மீட்டர் வரைதான் பிரிந்திருந்தன. மாணவர்களும் அங்கேயே தொடங்கட்டும். ஒரே பள்ளியின் இரு கட்டடம், 50 மீட்டர், பிறகு 100, பிறகு 300. தூரம் கூடக் கூட வீதம் எப்படிச் சரிகிறது என்று வரைந்தால் அது ஒரு முடிவு. 3 கி.மீ.யில் பூஜ்யம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

#7 · நானோநொடி

பாதி ஒப்புக்கொள்கிறேன். பூஜ்யமும் முடிவுதான். காலம் கா நாள் ஓட்டி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையில் வீதம் 3/கா க்குக் குறைவு என்று எழுதலாம். 300 நாள் ஓட்டினால் நூறு நாளுக்கு ஒன்றுக்கும் கீழே. அதைச் சொல்லத் தற்செயல் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மற்றபடி 50-100-300 திட்டம் நல்லது. கேட் முறையே 170, 340, 1000 நானோநொடி. மேலே கொஞ்சம் விட்டு வையுங்கள். ஷவர் முகப்புக்கும் தடிமன் உண்டு, ஜிபிஎஸ்ஸுக்கும் சில பத்து நானோநொடி பிசகு உண்டு.

#8 · ஒற்றைத்துளை

குறுக்கே ஒரு கேள்வி. இதையெல்லாம் ஏன் சர்வரில் ஓட்ட வேண்டும்? இரண்டு டெக்ஸ்ட் கோப்பு, ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், லேப்டாப். கிரிட் கம்ப்யூட்டிங் (பல இடத்துக் கணினிகளைச் சேர்த்து ஓட்டுவது) என்று 2000களில் பெயர் சொன்னால் நிதி கிடைத்தது, அதனால் வைத்தார்கள் என்றே தோன்றுகிறது.

#9 · பழைய பெர்ல்

பாதி உண்மை, மறுபாதியைச் சொல்கிறேன்.

குவார்க்நெட் 1999இல் தொடங்கியது. இ-லேப் அதன் மேல் பிறகு வந்தது: பள்ளி தரவை ஏற்றும், வேறு பள்ளி அதை எடுத்து ஆராயும், கணக்கு எங்கோ ஓடும், மாணவருக்குப் பிரவுசர் போதும். பின்னணியில் கிரிஃபின் திட்டத்தின் மெய்நிகர் தரவு முறை, பிறகு ஸ்விஃப்ட் என்ற பணிவரிசை மொழி. வேலையை உள்ளூர் சர்வரிலும் ஓட்டலாம், ஓபன் சயன்ஸ் கிரிட் போன்ற பொதுக் கணினித் தொகுப்புக்கும் அனுப்பலாம் என்ற அமைப்பு.

ஓடும் படிகள் ஏறத்தாழ இப்படி: ஏற்றிய மூலக்கோப்பு யுடிசி (உலகப் பொது நேரம்) நாள்வாரியாக வெட்டப்படும். ஒவ்வொரு நாள் கோப்பிலிருந்தும் வாசல்நேரக் கோப்பு உருவாகும்: எந்தப் பலகை, எந்தச் சேனல் (கவுண்டர்), ஜூலியன் நாள் (தொடர் நாள் எண்), துடிப்பு ஏறிய நேரம், இறங்கிய நேரம், வாசலுக்கு மேல் இருந்த நேரம். அதற்கு மேல் கேபிள் தாமதத் திருத்தம். பிறகு பல பலகைகளின் கோப்புகளை இணைத்தல், நேரப்படி வரிசைப்படுத்தல், கேட்டை நகர்த்தி நிகழ்வு தேடல், கடைசியில் வரைபடம்.

மெய்நிகர் தரவின் சாரம் இதுதான்: ஒவ்வொரு இடைக்கோப்பும் எந்த மூலத்திலிருந்து, எந்த அளவுருவோடு, எந்த நிரலால் வந்தது என்று பதிவாகிறது. கேட்டை மட்டும் மாற்றினால் கடைசி இரண்டு படி மட்டும் ஓடினால் போதும். வேறொரு பள்ளி அதே முடிவைக் கேட்டால் அதே வழியில் மறுபடி பெறலாம். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ‘இறுதி_2_சரியானது’ கோப்பு எப்படி வந்தது என்று அடுத்த வருடம் யாரால் சொல்ல முடியும்?

அளவையும் பாருங்கள். டிரிகருக்கு இரண்டரை வரி, வரிக்கு 72 பைட் என்று வைத்தால், நொடிக்கு 10 டிரிகர் ஓடும் ஒரு பலகை நாளுக்கு 155 எம்பி. இரண்டு பலகை, 30 நாள், 9 ஜிபிக்கு மேல். அதை வரிசைப்படுத்துவதுதான் நேரம் தின்னும், நிகழ்வு தேடல் அல்ல. பரப்பி வைத்து நொடிக்கு 0.1 டிரிகர் என்றால் ஒன்றரை எம்பிதான், அதற்குக் கிரிட் தேவையில்லை.

#10 · ஒற்றைத்துளை

ஆக ஷவர் ஆய்வைச் சரியாகச் செய்தால் கிரிட் தேவையில்லை, தப்பாகச் செய்தால் தேவை. 😀

#11 · பழைய பெர்ல்

நீண்டகால ஃபிளக்ஸ் (துகள் வரும் வீதம்) ஆய்வைச் சரியாகச் செய்தாலும் தேவைப்படும். ஆனால் சொன்னது நன்றாக இருக்கிறது.

லேப்டாப்பில் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாசல்நேரக் கோப்பில் ஜூலியன் நாளும் நாளின் பின்னமும் ஏன் தனித்தனிப் பத்தியில் இருக்கின்றன? ஒன்றாகக் கூட்டி 24 லட்சத்துச் சொச்சம் என்ற ஒரே தசம எண்ணாக வைத்தால், 64 பிட் மிதவைப் புள்ளியில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி ஏறத்தாழ 40 மைக்ரோநொடி. நானோநொடி மொத்தமும் போச்சு. எக்செல்லில் திறந்து சேமித்தால் இன்னும் மோசம், 15 இலக்கத்துக்கு மேல் வெட்டிவிடும். பின்னம் மட்டும் தனியாக இருந்தால் 0.01 நானோநொடி வரை நிற்கும்.

என் பரிந்துரை: தசமமே வேண்டாம். நாள் தொடக்கத்திலிருந்து கால் நானோநொடி அலகில் முழு எண்ணாக வையுங்கள். 1.25 நானோநொடி = 5, 40 நானோநொடி = 160, ஒரு முழு நாள் 345.6 லட்சம் கோடி, அதாவது 345.6 டிரில்லியன். 64 பிட் முழு எண்ணுக்கு அது தூசு.

#12 · முகில்

மூலக்கோப்பின் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று யாராவது ஒரு முறை போட்டுக் காட்டினால் உதவும். மாணவர்கள் அதை வெறும் எழுத்துக் குப்பையாகப் பார்க்கிறார்கள்.

#13 · நானோநொடி

மாதிரிக்காக உருவாக்கிய இரண்டு வரி. மொத்தம் 16 சொல். முதல் பத்தும் பதினாறடிமான எண்கள் (எழுத்து வராதபடி எடுத்திருக்கிறேன்).

65380412 80 00 35 00 38 00 00 00 64129057 142207.301 150319 ஏ 07 0 -0295

65380413 00 00 00 27 00 29 00 00 64129057 142207.301 150319 ஏ 07 0 -0295

சொல் 1: பலகையின் கடிகார எண்ணி. 6000 வரிசையில் 25 மெகாஹெர்ட்ஸ், ஒரு தட்டு 40 நானோநொடி. சொல் 2 முதல் 9 வரை: சேனல் 0 ஏற்றம், இறக்கம், சேனல் 1 ஏற்றம், இறக்கம் என்று நான்கு ஜோடி. சொல் 2இல் 80 என்றால் புது டிரிகர் தொடங்குகிறது. மற்ற சொற்களில் பிட் 5 எரிந்தால்தான் விளிம்பு உண்மை. கீழ் 5 பிட் 1.25 நானோநொடி அலகில் நேரம்.

பதினாறடிமான 35 = பத்தடிமான 53 = 32 + 21. பிட் 5 உண்டு, 21 × 1.25 = 26.25 நானோநொடி. சேனல் 1 ஏற்றம்.
38 = 56 = 32 + 24. 30 நானோநொடி. சேனல் 2 ஏற்றம்.
அடுத்த வரி ஒரு தட்டு தள்ளி, அதாவது 40 கூட்ட வேண்டும். 27 = 39 = 32 + 7: 48.75. 29 = 41 = 32 + 9: 51.25.

ஆக வாசலுக்கு மேல் இருந்த நேரம் சேனல் 1இல் 22.5, சேனல் 2இல் 21.25 நானோநொடி. இரண்டும் 3.75 நானோநொடி இடைவெளியில் அடிபட்டன.

இப்போது உலக நேரம். சொல் 10 என்பது கடைசி ஜிபிஎஸ் நொடித் துடிப்பு வந்தபோது எண்ணி காட்டியது. 65380412 இலிருந்து 64129057ஐக் கழித்தால் பத்தடிமானத்தில் 1,92,31,675 தட்டு. × 40 = 0.769267 நொடி. சொல் 11 ஜிபிஎஸ் சொன்ன யுடிசி, 14:22:07.301. அந்தச் செய்தி துடிப்புக்குப் பின் தாமதமாக வருவதால் சொல் 16இல் உள்ள மில்லிநொடியைக் கூட்டிக் கிட்டிய முழு நொடிக்குக் கொண்டுவர வேண்டும்: 7.301 − 0.295 = 7.006, அதாவது 7. விடை: 2019 மார்ச் 15, 14:22:07.769267, அதன் மேல் 26.25 நானோநொடி.

#14 · பழைய பெர்ல்

மூன்று பொறி அங்கே இருக்கிறது.

ஒன்று, எண்ணி 32 பிட். 25 மெகாஹெர்ட்ஸில் 171.8 நொடிக்கு ஒருமுறை சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். சொல் 1 சொல் 10ஐவிடச் சிறியதாக இருந்தால் 2³² கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதிர்மறை நேரத்தில் மியூவான் வரும்.

இரண்டு, அந்த முழு நொடி வட்டமாக்கல். துடிப்பு வந்து சொல் 10 மாறிய பிறகும் சொல் 11 பழைய நொடியிலேயே சில வரி நிற்கலாம். விளைவு, சரியாக ஒரு நொடி பிசகு. ஒரே பள்ளி ஆய்வில் இது தெரியவே தெரியாது. இரண்டு பள்ளியைச் சேர்க்கும்போதுதான் கழுத்தறுக்கும்.

மூன்று, 25 மெகாஹெர்ட்ஸ் என்பது பெயரளவு. படிகம் பத்து லட்சத்தில் 2 பங்கு பிசகினால் நொடியின் கடைசியில் 2 மைக்ரோநொடி தவறு. அடுத்தடுத்த சொல் 10களின் வித்தியாசத்தை எடுத்து, உண்மை அதிர்வெண்ணை அன்றன்றைக்குக் கணக்கிடுங்கள்.

5000 வரிசைப் பலகை என்றால் எண்கள் வேறு: 41.67 மெகாஹெர்ட்ஸ், 24 நானோநொடித் தட்டு, நுண்ணலகு 0.75, சுற்று 103 நொடி. ஒரு பள்ளியில் பழையது, மறுபள்ளியில் புதியது என்று இருந்து ஒரே மாறிலியைப் போட்டால் விடை கந்தல்.

#15 · கறுப்பு டேப்

ஒரு நொடிப் பிசகைக் கண்டுபிடிக்க எளிய வழி: பிரித்து வைக்கும் முன் இரண்டு பள்ளியின் கருவியையும் ஒரே மேசையில் அடுக்கி ஒரு நாள் ஓட்டுங்கள். ஒரே மியூவான் இரண்டு பலகையிலும் பதியும். நேர வித்தியாசத்தை ஹிஸ்டோகிராம் போட்டால் சில பத்து நானோநொடி அகலத்தில் ஒரு கூர்முனை வர வேண்டும். அது பூஜ்யத்திலிருந்து தள்ளி நின்றால் கேபிள் நீளம் தவறு. சரியாக ஒரு நொடியில் இரண்டாவது முனை தெரிந்தால் மேலே சொன்ன பொறி. ஆன்டெனா இரண்டும் வானம் பார்க்க ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். சொல் 13 ‘வி’ (ஜிபிஎஸ் தரவு செல்லாது) என்று வரும் வரிகளைக் குப்பையில் போடுங்கள்.

இந்த ஒரு நாளைத் தவிர்த்துவிட்டு வருடக் கணக்கில் தரவு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாவம்.

#16 · அடிவானம்

கூடவே தற்செயலைச் சூத்திரத்தால் மட்டும் அல்லாமல் தரவாலேயே அளக்கலாம். ஒரு பள்ளியின் நேரம் எல்லாவற்றையும் 5 நொடி தள்ளி, அதே கேட்டில் மறுபடி தேடுங்கள். உண்மை நிகழ்வு எதுவும் இருக்க வழியில்லை, வருவது எல்லாம் தற்செயல். 6, 7, 8 என்று இருபது முறை தள்ளிச் சராசரி எடுத்தால் பின்னணி கிடைத்துவிடும். 1 நொடி தள்ளலைப் பின்னணிக்குப் பயன்படுத்த வேண்டாம், காரணம் #14.

#17 · முகில்

இ-லேப்பில் கவுண்டர் இடமும் கேபிள் நீளமும் பதியும் ஜியாமெட்ரி பக்கத்தில் என்னென்ன தவறு வரும்?

#18 · கறுப்பு டேப்

பட்டியல் பெரிசு. அடிக்கடி வருவது மட்டும்.

அட்சரேகையை ஜிபிஎஸ் பாகையும் நிமிடமுமாகத் தரும். 41 பாகை 50 நிமிடம் என்பதை யாரோ 41.50 பாகை என்று தசமமாக எடுத்துக்கொண்டால் உண்மை மதிப்பு 41.83, பள்ளி 37 கி.மீ. தெற்கே போய்விடும். மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்மறைக் குறி விட்டுப்போனால் இல்லினாய் பள்ளி சீனாவில் இருக்கும்.

கேபிள்: கோஆக்சியலில் மீட்டருக்கு 5 நானோநொடி. 15 மீட்டர் கேபிள் 75 நானோநொடி. அடியில் அளந்து மீட்டர் கட்டத்தில் 50 என்று போட்டால் 250 ஆகிவிடும். கவுண்டர் கேபிளும் ஜிபிஎஸ் கேபிளும் தனித்தனிக் கட்டம். ஜிபிஎஸ் கேபிளை மறந்தால் அந்தப் பள்ளியின் எல்லா நேரமும் ஒரே அளவு தள்ளிப்போகும்.

கவுண்டர்களை நகர்த்தினால் அதே நாளில் புது ஜியாமெட்ரிப் பதிவு போட வேண்டும். அடுக்கிய நிலையின் ஜியாமெட்ரியோடு பரப்பிய தரவு கிடந்தால், அதை எடுத்து ஆராயும் வேறு ஊர்ப் பள்ளிக்கு அது தெரிய வழியே இல்லை. சர்வர் எவ்வளவு வேகமானாலும் இதைத் திருத்தாது.

இன்னொன்று: ஓட்டத்தைத் தொடங்கும்போது ‘எஸ்டி 3 5’ கட்டளை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிகள், வோல்டேஜ், வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் கோப்பிலேயே விழும். அந்த வரிகளை வைத்துத்தான் இ-லேப் தரவை ஓர் அடிப்படைக் கோப்போடு ஒப்பிட்டு ஏற்கத்தக்கதா என்று சொல்லும். கட்டளையை மறந்தால் எத்தனை நல்ல தரவானாலும் ஒப்பிட வழியில்லை. டிரிகரை ஒற்றையாக வைத்து ஓட்டவும் வேண்டாம். நான்கு கவுண்டர் × 40, அதற்கு இரண்டு வரி வீதம் நொடிக்கு 320 வரி. 115200 பாட் இணைப்பு வேகத்தில் நொடிக்கு 160 வரிதான் போகும். மிச்சம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

#19 · கல்வட்டம்

ஷவரிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவருக்கு அடுக்கிய தரவே போதும், வீணில்லை.

காற்றழுத்தத்தோடு ஃபிளக்ஸ் மாறுவதைப் பாருங்கள். மியூவானுக்கு ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 0.1 முதல் 0.2 சதவீதம் எதிர்த்திசையில். நொடிக்கு 10 என்றால் மணிக்கு 36,000. புள்ளியியல் பிசகு 0.5 சதவீதம். புயல் முகப்பு கடக்கும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் 2 முதல் 4 சதவீத ஏற்றம், கண்ணுக்கே தெரியும். பலகையிலேயே அழுத்தமானி இருக்கிறது; ஆனால் அதை உள்ளூர் வானிலை நிலைய எண்ணோடு ஒருமுறை சரிக்கட்டுங்கள்.

வானிலை மியூவானை எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு நம் ஊட்டியே சாட்சி. கிரேப்ஸ்-3 மியூவான் கருவி 2014 டிசம்பர் 1 இடிமேகத்தில் 1.3 கிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் குறைவை வைத்தே கணக்கிட்டது. அது 560 சதுர மீட்டர். நீங்கள் 0.075இல் அதைத் தேடாதீர்கள்.

#20 · முகில்

மியூவான் ஆயுட்காலம் அளக்க? கேட் எவ்வளவு?

#21 · கல்வட்டம்

டிரிகர் கேட் 10 மைக்ரோநொடிக்குக் குறையாமல், 20 இருந்தால் நல்லது. வால் பகுதி தட்டையாவது தெரிந்தால்தான் பின்னணியைக் கழிக்க முடியும். ஒரே கவுண்டரில் மியூவான் வந்து நின்ற துடிப்பு, பின் எலக்ட்ரான் துடிப்பு. முதல் ஒரு மைக்ரோநொடியை வெட்டிவிட்டுப் பொருத்துங்கள், ஒளிப்பெருக்கிக் குழாயின் பின்துடிப்பு அங்கே கும்மியடிக்கும். அதை விட்டுவைத்தால் ஆயுள் 1.6, 1.7 மைக்ரோநொடி என்று வரும். விடை 2.197க்குப் பதில் 2.1 வந்தால் பதற வேண்டாம்: எதிர்மின் மியூவான்களைச் சின்டிலேட்டரின் கார்பன் அணுக்கரு கொஞ்சம் விழுங்குகிறது, அதனால் கலவையின் ஆயுள் சற்றுக் குறைவுதான்.

#22 · ஒற்றைத்துளை

குவார்க்நெட் தவிர வேறு எங்கும் இப்படி உண்டா?

#23 · பழைய பெர்ல்

இத்தாலியில் இஇஇ திட்டம். பள்ளிகளில் 80 × 160 செ.மீ. வாயு அறைகள் மூன்று அடுக்கிய தொலைநோக்கி, தரவு போலோன்யாவின் சிஎன்ஏஎஃப் கணினி மையத்துக்கு. நெதர்லாந்தில் ஹைஸ்பார்க், கூரை மேல் பெட்டிகள். பிரிட்டனில் செர்ன்@ஸ்கூல், டைம்பிக்ஸ் என்ற துகள் காணும் சில்லு, கிரிட்பிபி என்ற கிரிட்டின் கணினிகள். இஇஇ அறைகளைப் பள்ளி மாணவர்கள் செர்னுக்கே போய்க் கட்டுகிறார்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.

#24 · முகில்

இரண்டு கருவியையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் ஓட்டிய ஹிஸ்டோகிராம்: முனை 152 நானோநொடியில், அகலம் சுமார் 40. ஒரு நொடியில் எதுவும் இல்லை. இரு பலகைக்கும் கவுண்டர் கேபிள் 15 மீட்டர் என்றே பதிவாகியிருக்கிறது.

#25 · கறுப்பு டேப்

152ஐ 5ஆல் வகுத்தால் 30 மீட்டர். ஒரு பக்கம் ஜிபிஎஸ் கேபிள் கட்டம் காலி. எந்தப் பலகை முந்துகிறது என்று பார்த்து, அந்தப் பள்ளியின் ஆன்டெனாச் சுருளை அளந்து பாருங்கள்.

#26 · நானோநொடி

முந்துவதுதான், ஆனால் குறியைக் கவனமாக யோசியுங்கள்: ஜிபிஎஸ் கேபிள் நீளமானால் நொடித் துடிப்பு பலகைக்குத் தாமதமாக வரும். அதிலிருந்து எண்ணுவதால் நிகழ்வு நேரம் உண்மையைவிடக் குறைவாகப் பதியும். ஆக, முந்தியதாகத் தெரியும் பலகையில்தான் கட்டம் காலி. கவுண்டர் கேபிள் இதற்கு நேர் எதிர்த்திசை.

#27 · முகில்

முந்தியது இரண்டாம் பள்ளி. சுருள் 30 மீட்டர், கட்டத்தில் 0. திருத்திய பின் முனை 2 நானோநொடியில். அடுத்து 50 மீட்டர்.